மாரத்தானில் குமட்டல்: இன்னும் தண்ணீர் குடித்திருக்க வேண்டுமா?

கோவையிலிருந்து 42 வயது பள்ளி ஆசிரியை ஒருவர் நான்கு பக்கக் கடிதம் எழுதியிருக்கிறார். அடையாளம் தெரியும் விவரங்களை விட்டுவிட்டு, சுருக்கத்தை மட்டும் தருகிறேன்.

நான்கு வருடமாக ஓடுகிறார். வாரத்துக்கு நான்கு நாள், காலை ஐந்து மணிக்கெல்லாம் ரேஸ் கோர்ஸில் இருப்பார். மூன்று ஹாஃப் மாரத்தான் (21 கி.மீ.) முடித்திருக்கிறார். கடைசியாக ஓடியது 2 மணி 20 நிமிடம். இந்த ஜனவரியில் சென்னையில் முதல் ஃபுல் மாரத்தான் (42 கி.மீ.). அன்று அதிகாலை இரண்டு இட்லி, ஒரு டம்ளர் பால் காபி, முழங்கால் வலி வந்துவிடக் கூடாதே என்று ஒரு வலி மாத்திரை. பாதித் தூரத்தை 2 மணி 25 நிமிடத்தில் கடந்தார். வழியில் தண்ணீர் கொடுத்த இடம் ஒன்றையும் விடவில்லை. “ரன்னிங் குரூப்பில் சொன்னபடி இடத்துக்கு ரெண்டு டம்ளர்” என்று எழுதியிருக்கிறார். 45 நிமிடத்துக்கு ஒரு ஜெல் (ஓடும்போது தெம்புக்காகச் சாப்பிடும் இனிப்புக் கூழ்). ஜெல்லை அன்றுதான் முதல்முறையாகச் சாப்பிடுகிறார். 24-வது கி.மீ.யில் வயிற்றுக்குள் தண்ணீர் குலுங்குவது கேட்டதாம். 26-ல் குமட்டல், 31-ல் வாந்தி. அதன்பின் யாரோ கரைத்துக் கொடுத்த ஒரு லிட்டர் ஓ.ஆர்.எஸ்ஸையும் குடித்திருக்கிறார். ஓடியும் நடந்தும் 5 மணி 40 நிமிடத்தில் முடித்தார்.

முடித்ததும் மண்டையைப் பிளக்கும் தலைவலி. கை விரல்கள் வீங்கி மோதிரத்தைக் கழற்ற முடியவில்லை. பயந்துபோன கணவர் “ஒரு பாட்டில் குளுக்கோஸ் ஏத்திக்கலாம், வா” என்று கூப்பிட்டிருக்கிறார். இவர் மறுத்து அறையில் படுத்துவிட்டார். மாலையில் நாலைந்து முறை சிறுநீர் கழித்த பிறகு தலைவலி விட்டிருக்கிறது, மோதிரமும் தளர்ந்திருக்கிறது.

அவருடைய கேள்விகள் இவை: “தண்ணீர் பத்தாமல்தான் வாந்தி வந்தது என்று எல்லாரும் சொல்கிறார்கள். சிலர் உப்பு மாத்திரை போடச் சொல்கிறார்கள். ஒரு தோழி ஓடுவதற்கு முன்பே வாந்தி மாத்திரை போட்டுக்கொள்வாராம். வீட்டுக்காரர் இந்த வயதில் ஃபுல் எல்லாம் வேண்டாம் என்கிறார். இதயத்தில் ஏதாவது இருக்குமோ என்று எனக்கே உள்ளுக்குள் பயம். அடுத்த ஜனவரிக்குப் பணம் கட்டிவிட்டேன். ஓடலாமா, கூடாதா?”

சகோதரி, இவ்வளவு விவரமாக எழுதியதற்கு நன்றி. குலுங்கிய தண்ணீரையும் இறுகிய மோதிரத்தையும் நீங்கள் சொல்லாமல் விட்டிருந்தால் நானும் உங்கள் குரூப் சொன்னதையே சொல்லியிருக்கக்கூடும்.

முதலில் ஒன்று. நீங்கள் பலவீனமானவர் என்பதால் வாந்தி வரவில்லை. 2019-ல் தோஹாவில் நடந்த உலகத் தடகளப் போட்டியில் பெண்கள் மாரத்தானை வெயிலுக்குப் பயந்து நள்ளிரவில் தொடங்கினார்கள். அப்படியும் 30 டிகிரிக்கு மேல் வெக்கை, தாங்க முடியாத ஈரப்பதம். உலகத்தின் சிறந்த ஓட்டக்காரர்கள் 68 பேர் கிளம்பினார்கள். 28 பேர் முடிக்கவில்லை. புழுக்கத்தில் 42 கி.மீ. என்பது எந்த உடம்புக்கும் கடினம்.

உங்கள் வயிற்றில் நடந்ததைச் சொல்கிறேன். ஓடும்போது கால் தசைகள் ரத்தம் கேட்கும். வெக்கையில் தோலும் ரத்தம் கேட்கும். உள்ளே இருக்கும் சூட்டை வெளியே கொண்டுவந்து விடுவது தோலின் வேலை. இருப்பதோ ஐந்து லிட்டருக்குள்தான். அதனால் உடம்பு இரைப்பைக்கும் குடலுக்கும் போகும் ரத்தத்தை வெகுவாகக் குறைத்துவிடும். அந்த நேரத்தில் உள்ளே போகும் தண்ணீரும் ஜெல்லும் இறங்காமல் அப்படியே நிற்கும். 24-வது கி.மீ.யில் நீங்கள் கேட்டது அதைத்தான். வயிறு அப்போதே கதவை மூடிவிட்டது. நீங்கள் மேலும் ஊற்றிக்கொண்டே இருந்தீர்கள். கடைசியில் வந்த வழியே திருப்பி அனுப்பிவிட்டது.

ஊரையும் கணக்கில் எடுக்க வேண்டும். ஜனவரி விடியலில் சென்னை நமக்குக் குளிராகத்தான் தெரியும். ஆனால் கடலோரக் காற்று முழுக்க ஈரம். வியர்வை வழிவதால் உடம்பு குளிர்வதில்லை, அது காய்ந்தால்தான் குளிரும். கொடியில் போட்ட துணி காயாத காற்றில் தோலில் இருக்கும் வியர்வையும் காயாது. பனியன் சொட்டச் சொட்ட ஓடியும் உள்சூடு இறங்காது. பாலக்காட்டுக் கணவாய்க் காற்றிலேயே ஓடிப் பழகிய உங்கள் உடம்புக்கு அது புது இடம். அதோடு ஆறரை மணிக்குச் சூரியன் வந்த பிறகு மூன்று மணி நேரத்துக்கு மேல் சாலையில் இருந்திருக்கிறீர்கள்.

வேகமும் ஒரு காரணம். ஹாஃப் 2:20 ஓடுகிறவருக்கு, எல்லாம் கூடிவந்தால் ஃபுல் ஏறக்குறைய ஐந்து மணி நேரம் ஆகும். நீங்கள் முதல் பாதியை 2:25-ல் கடந்தது, கிட்டத்தட்ட உங்கள் ஹாஃப் பந்தய வேகம். “ஆரம்பத்தில் உடம்பு லேசாக இருந்தது” என்று எழுதியிருக்கிறீர்கள். இருட்டில், கூட்டத்தோடு, கைதட்டலோடு ஓடும்போது எல்லாருக்கும் அப்படித்தான் இருக்கும். வேகம் கூடினால் தசை கேட்கும் ரத்தம் கூடும், உடம்பில் உண்டாகும் சூடும் கூடும், வயிற்றுக்குக் கிடைப்பது இன்னும் குறையும்.

மோதிரம் ஏன் இறுகியது?

உங்கள் கடிதத்தில் எனக்கு உண்மையில் கவலை தந்த இடம் இதுதான், வாந்திகூட இல்லை.

கணக்குப் போட்டுப் பாருங்கள். 26-வது கி.மீ. வரை 12 இடங்களில் தண்ணீர் இருந்ததாகச் சொல்கிறீர்கள். இடத்துக்கு இரண்டு டம்ளர், டம்ளருக்கு 150 மில்லி என்று குறைவாக வைத்தாலும் 3.6 லிட்டர். மூன்று மணி நேரத்தில்! உங்கள் எடை 54 கிலோ. அந்த வேகத்தில் நீங்கள் அவ்வளவு வியர்த்திருக்க வாய்ப்பு குறைவு. அதற்கும் மேலே ஒரு லிட்டர் ஓ.ஆர்.எஸ்.

போன தண்ணீரைவிட உள்ளே வந்தது அதிகமானால் ரத்தத்தில் இருக்கும் சோடியம், அதாவது உப்புச் சத்து, நீர்த்துப்போகும். விரல் வீங்குவது, தலைவலி, குமட்டல், வாந்தி எல்லாம் அதற்கும் அறிகுறிகள்தான். சோடியம் மிகவும் இறங்கினால் மூளை வீங்கும்; பிதற்றல், வலிப்பு, உயிரிழப்பு வரை போகும். 2002-ல் பாஸ்டன் மாரத்தானில் 488 பேருக்கு ஓடி முடித்ததும் ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். 13 சதவீதம் பேருக்குச் சோடியம் இறங்கியிருந்தது. ஓட்டத்தின்போது எடை கூடியவர்களுக்கும், நான்கு மணி நேரத்துக்கு மேல் எடுத்துக்கொண்டவர்களுக்கும் அந்த ஆபத்து அதிகம் என்று தெரியவந்தது. வேகமாக ஓடுகிறவருக்கு நின்று குடிக்க நேரம் இல்லை. மெதுவாக ஓடுகிறவருக்கு ஒவ்வொரு தண்ணீர் மேஜையிலும் நேரம் இருக்கிறது.

இன்னொன்றையும் தெரிந்துகொள்ளுங்கள். குமட்டல் வந்துவிட்டாலே, சிறுநீரகம் தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்ளச் செய்யும் ஹார்மோன் மளமளவென்று சுரக்கும். அதாவது குமட்டும் நேரத்தில் குடிக்கும் தண்ணீர் வெளியே போகாமல் உள்ளேயே தங்கும். குமட்டுகிறவரைப் பார்த்து “இன்னும் குடி, இன்னும் குடி” என்று சொல்வதில் இருக்கும் அபாயம் இது. சொல்கிறவர்கள் அக்கறையோடுதான் சொல்கிறார்கள், ஆனாலும் அபாயம் அபாயம்தான்.

உங்களுக்கு அன்று ரத்தப் பரிசோதனை நடக்கவில்லை, அதனால் சோடியம் இறங்கியது என்று நான் அறுதியிட்டுச் சொல்ல முடியாது. கையைத் தொங்கவிட்டு நெடுநேரம் ஓடினாலே சிலருக்கு விரல் கொஞ்சம் வீங்கும். ஆனால் நீங்கள் குடித்த அளவு, தலைவலி, சிறுநீர் தாராளமாகப் போனதும் எல்லாம் தெளிந்தது ஆகியவற்றைச் சேர்த்துப் பார்த்தால், தண்ணீர் பத்தாமல் போனது என்பதைவிட மிஞ்சிப்போனது என்பதுதான் பொருந்துகிறது.

குளுக்கோஸ் பாட்டில் வேண்டாம் என்று மறுத்தீர்களே, நல்ல காரியம் செய்தீர்கள். நம் ஊரில் சோர்வு என்றாலே ஒரு பாட்டில் ஏற்றுவது பழக்கமாகிவிட்டது. உடம்பு குளுக்கோஸை எரித்த பிறகு மிஞ்சுவது வெறும் தண்ணீர். சோடியம் இறங்கியவருக்கு அதை ஏற்றினால் நிலைமை மோசமாகும். அவருக்குத் தேவைப்படுவது அடர்த்தியான உப்புக் கரைசல், சிறு அளவில், மருத்துவர் கண்காணிப்பில். உங்கள் கணவரிடம் சொல்லி வையுங்கள்: நெடுந்தூரம் ஓடியவருக்குத் தலைவலியும் வாந்தியும் நிற்கவில்லை என்றால் மருத்துவமனைக்குப் போங்கள், டிரிப் போடுவதற்கு முன் சோடியம் பார்க்கச் சொல்லுங்கள்.

மூன்று மாத்திரைகள்

வலி மாத்திரை: காலையில் போட்டது டைக்ளோஃபினாக் என்று எழுதியிருக்கிறீர்கள். மூன்றிலும் என்னைக் கோபப்படுத்துவது இதுதான்; கோபம் உங்கள்மேல் இல்லை, கடையில் கேட்டால் மறுபேச்சில்லாமல் எடுத்துக் கொடுக்கும் பழக்கத்தின்மேல். ஏற்கெனவே ரத்தம் குறைந்திருக்கும் இரைப்பையை இது மேலும் புண்ணாக்கும். சிறுநீரகத்துக்குப் போகும் ரத்தத்தைக் குறைக்கும். நான் மேலே சொன்ன ஹார்மோனுக்கும் துணை போகும். 2004 ஏதென்ஸ் ஒலிம்பிக்கில் பிரிட்டன் ஓட்டக்காரர் பவுலா ராட்கிளிஃப் 36-வது கி.மீ. அருகே சாலையோரம் உட்கார்ந்து அழுத காட்சி பலருக்கு நினைவிருக்கும். அப்போது பெண்கள் மாரத்தானில் 2 மணி 15 நிமிடம் 25 வினாடி என்ற உலக சாதனை அவர் கையில் இருந்தது. கால் காயத்துக்காக எடுத்த இதே வகை மருந்துகள் வயிற்றைக் கெடுத்ததால் சாப்பிட்டது உடம்பில் ஒட்டவில்லை என்று பின்னால் அவரே சொன்னார். முழங்கால் வலித்தால் ஓட்டத்தைக் குறைத்து, முழங்காலுக்கு வைத்தியம் பாருங்கள். ஓடும் நாளில் இந்த மாத்திரை வேண்டவே வேண்டாம்.

உப்பு மாத்திரை: மிதமிஞ்சித் தண்ணீர் குடித்ததால் இறங்கும் சோடியத்தை உப்பு மாத்திரை தூக்கி நிறுத்தாது. வயிறு இறங்காமல் நிற்கும்போது உள்ளே போகும் உப்புக் கட்டி குமட்டலைக் கூட்டவும் செய்யும். ரத்த அழுத்தம் உள்ளவர்களுக்கு வேறு தொல்லை. உங்கள் வேகத்தில், தாகத்துக்குக் குடிக்கும்போது, இதற்கு அவசியம் இல்லை.

வாந்தி மாத்திரை: தோழி எந்த மாத்திரை போடுகிறார் என்று தெரியவில்லை. ஆன்டான்செட்ரான் என்ற வாந்தி மருந்து என்றால், அது இதயத்தின் மின்துடிப்பைச் சிலருக்குத் தடுமாற வைக்கும். வியர்வையிலும் வாந்தியிலும் பொட்டாசியம் குறைந்தவருக்கு அந்த வாய்ப்பு கூடும். பஸ் பயணத்துக்குப் போடுகிற மாத்திரை என்றால், அந்த வகைகள் பலவும் வியர்வையையே குறைக்கும். வெக்கையில் ஓடுகிறவருக்கு வியர்வையை அடைப்பது அடுப்பை ஏற்றிவிட்டு ஜன்னலைச் சாத்துவது மாதிரி. எல்லாவற்றுக்கும் மேலே, “போதும், நிறுத்து” என்று உடம்பு சொல்வது இந்தக் குமட்டல் வழியாகத்தான். அந்த வாயை அடைத்துவிட்டு இன்னும் 16 கி.மீ. ஓடுவது எனக்குச் சரியாகப் படவில்லை.

இதயமாக இருக்குமா?

நீங்கள் எழுதியதில் நெஞ்சு அழுத்தம், தாடையிலோ கையிலோ வலி, படபடப்பு, கண் இருட்டுதல் எதுவும் இல்லை. தண்ணீர் குலுங்கிய பிறகு குமட்டல், குமட்டலுக்குப் பிறகு வாந்தி என்று வரிசையாக வந்திருக்கிறது. வயிற்றின் வரலாறாகத்தான் தெரிகிறது. ஆனாலும் பெண்களுக்கு மாரடைப்பு சில சமயம் நெஞ்சுவலி இல்லாமல், குமட்டலும் களைப்புமாக வரும். 40 வயதைத் தாண்டிவிட்டீர்கள். அப்பாவுக்கு 50 வயதில் இதய ரத்தக்குழாயில் அடைப்பு என்றும் எழுதியிருக்கிறீர்கள். எனவே பயத்தை மனதில் வைத்துக்கொண்டு திரியாமல் பார்த்துவிடுங்கள்: ரத்த அழுத்தம், சர்க்கரை, கொழுப்பு, ஹீமோகுளோபின், ஈ.சி.ஜி., மருத்துவர் சொன்னால் டிரெட்மில் (ஓடவிட்டு ஈ.சி.ஜி. பார்க்கும் பரிசோதனை). குடும்ப வரலாற்றைக் கேட்டால் அவர் டிரெட்மில் எழுதுவார் என்றே நினைக்கிறேன். ஹீமோகுளோபினைச் சும்மா சேர்க்கவில்லை. ஓடும் பெண்கள் பலர் ரத்தசோகையோடு ஓடிக்கொண்டு, பயிற்சி போதவில்லை என்று தங்களையே நொந்துகொள்வதைப் பார்க்கிறேன்.

உங்கள் கணவர் சொல்வதைப் பற்றி. 42 ஃபுல் ஓட முடியாத வயது இல்லை. 60-ல் தொடங்கியவர்கள் இருக்கிறார்கள். ஆனால் வீங்கிய கையோடு வாந்தி எடுத்த உங்களைப் பார்த்தவர் அவர். அந்தப் பயத்தை வாதம் செய்து தீர்க்க முடியாது. பரிசோதனைக்கு அவரையும் கூட்டிக்கொண்டு போங்கள். பந்தய நாளில் 30-வது கி.மீ. பக்கம் அவரை நிற்கச் சொல்லுங்கள். என்னென்ன தெரிந்தால் உங்களை நிறுத்த வேண்டும் என்பதை இருவரும் முன்கூட்டியே பேசி வையுங்கள், நிறுத்தச் சொன்னால் நீங்களும் கேட்க வேண்டும்.

அவருக்குத் தெரிந்திருக்க வேண்டியதைச் சொல்கிறேன். சில வருடங்களுக்கு முன் ஒரு பந்தயத்தின் மருத்துவக் கூடாரத்தில் இருந்தேன். முப்பது வயது இளைஞர் ஒருவரை இரண்டு பேர் கைத்தாங்கலாகக் கொண்டுவந்தார்கள். உடம்பெல்லாம் வியர்வை. பெயர் கேட்டால் சொன்னார். எங்கே ஓடுகிறீர்கள் என்று கேட்டேன், பள்ளிக்கூட மைதானம் என்றார். உள்சூடு 41 டிகிரி. வியர்வை நின்றால்தான் ஹீட் ஸ்ட்ரோக் (உள்சூடு மிஞ்சி மூளை தடுமாறும் நிலை) என்று பலரும் நினைக்கிறார்கள்; ஓடுகிறவர்களுக்கு வியர்த்துக்கொண்டிருக்கும்போதே வரும். ஐஸ் போட்ட தொட்டியில் கழுத்து வரை இறக்கினோம். ஆம்புலன்ஸ் வாசலில் காத்திருந்தது, இருந்தாலும் குளிர்வித்த பிறகுதான் அனுப்பினோம். இருபது நிமிடத்தில், பனியனில் குத்தியிருந்த தன் பந்தய எண்ணை அவரே படித்துச் சொன்னார். ஆகவே, குமட்டலோடு பேச்சு குழறினாலோ, தள்ளாடினாலோ, சம்பந்தமில்லாமல் பேசினாலோ அந்த இடத்திலேயே ஓட்டம் முடிந்தது. நிழலுக்குக் கொண்டுபோய், கிடைக்கிற குளிர்ந்த தண்ணீரையெல்லாம் உடம்பில் ஊற்றிக்கொண்டே உதவிக்கு ஆள் கூப்பிட வேண்டும். வாயில் எதையும் ஊற்றக் கூடாது.

அடுத்த ஜனவரிக்கு

பரிசோதனைகள் சரியாக இருந்தால் ஓடலாம் என்பதே என் எண்ணம். அதே சென்னைப் பந்தயத்தில் ஹாஃபுக்கு மாற்றிக்கொள்ளலாம். முதல் ஃபுல்லைப் பெங்களூரு போல மேட்டுநிலத்து ஊரில் முடித்துவிட்டு அப்புறம் கடலோரத்துக்கு வரலாம். இரண்டும் நல்ல வழிகள்தான். ஃபுல்தான், சென்னைதான் என்று முடிவெடுத்தால் சிலவற்றை மாற்றியே ஆக வேண்டும்.

எவ்வளவு குடிப்பது என்பதை உங்கள் உடம்பிடமே கேளுங்கள். லாங் ரன்னுக்கு, அதாவது பயிற்சியில் ஓடும் நீண்ட ஓட்டத்துக்கு, முன்னும் பின்னும் எடை பாருங்கள். பின்னால் பார்க்கும்போது வியர்வையைத் துடைத்துவிட்டு, நனைந்த உடையை மாற்றிவிட்டுப் பாருங்கள். குறைந்த எடையோடு குடித்த தண்ணீரைக் கூட்டினால் எவ்வளவு வியர்த்தீர்கள் என்பது தெரியும். 54 கிலோவில் ஒரு கிலோ குறைந்தால் பயமில்லை. எடை கூடியிருந்தால் அதிகம் குடித்திருக்கிறீர்கள். பந்தயத்தில் தாகம் எடுத்தால் குடியுங்கள். மேஜை வந்துவிட்டதே என்பதற்காகக் குடிக்க வேண்டாம். இரண்டாவது டம்ளரைத் தலையில் ஊற்றிக்கொள்ளுங்கள். அது நன்றாகவே வேலை செய்யும்.

ஓ.ஆர்.எஸ். வேண்டுமென்றால், ஒரு லிட்டரில் கரைக்கும் பாக்கெட்டை ஒரு லிட்டரிலேயே கரைத்து வாய் வாயாகக் குடியுங்கள். அட்டைப் பெட்டியில் வரும் இனிப்புப் பானங்கள் அதற்கு ஈடாகாது. இளநீரில் பொட்டாசியம் அதிகம், சோடியம் குறைவு. ஓடி முடித்த பிறகு ஆசைக்குக் குடிக்கலாம்.

ஜெல்லை இப்போதிருந்தே லாங் ரன்னில் பழக்குங்கள், தண்ணீரோடு மட்டும். உப்பும் சர்க்கரையும் கலந்த எலக்ட்ரோலைட் பானத்தோடு சேர்ந்தால் கலவை கெட்டியாகி வயிற்றிலேயே நிற்கும். வயிறும் பயிற்சியில் பழகுகிற உறுப்புதான். காலை இட்லி இருக்கட்டும், சட்னியும் சாம்பாரும் வேண்டாம். கிளம்புவதற்கு மூன்று மணி நேரம் முன் சாப்பிட்டுவிடுங்கள். பால் காபிக்குப் பதில் கடுங்காப்பி குடித்துப் பாருங்கள்.

வெக்கைக்கு உடம்பு பழக 10 முதல் 14 நாள் வேண்டும். அதற்குள் ரத்தத்தின் நீர் அளவு கூடும், வியர்வை சீக்கிரம் தொடங்கும், அதில் போகும் உப்பும் குறையும். ஆசிரியை என்பதால் உங்களுக்கு ஒரு வசதி இருக்கிறது. அரையாண்டு விடுமுறை பந்தயத்துக்குச் சரியாக முன்னால் வருகிறது. டிசம்பர் தொடக்கத்திலிருந்தே கோவையில் வாரம் மூன்று நாள் ஐந்து மணிக்குப் பதில் எட்டரை மணிக்கு, வெயிலில், நிதானமாக ஓடுங்கள். விடுமுறை விட்டதும் சென்னையில் சொந்தக்காரர் வீடு இருந்தால் அங்கே போய்விடுங்கள். தினமும் 40 நிமிடம் கடற்கரைச் சாலையில் ஓடினால் போதும்.

பந்தயத்தில் முதல் பாதியை 2 மணி 40 நிமிடத்துக்குக் குறையாமல் ஓடுங்கள், அதாவது கி.மீ.க்கு ஏழரை நிமிடத்துக்குச் சற்று மேல். மூச்சு வாங்காமல் முழு வாக்கியம் பேச முடிய வேண்டும். மற்றவர்கள் தாண்டிப் போகட்டும்.

அப்படியும் குமட்டினால் உடனே நடங்கள். பத்து நிமிடம். கழுத்திலும் தலையிலும் தண்ணீர், கையில் ஐஸ் கிடைத்தால் ஐஸ். வாயைக் கொப்பளித்துத் துப்பிவிடுங்கள். குலுங்கும் சத்தம் அடங்கும்வரை எதையும் விழுங்க வேண்டாம். இஞ்சி மரப்பா சிலருக்குக் கேட்கிறது, பையில் ஒன்று வைத்துக்கொள்ளலாம். அடங்கிய பிறகு ஒரு வாய் தண்ணீர், பாதி வாழைப்பழம், மெதுவாக ஓட்டம். இரண்டாம் முறை வாந்தி வந்தாலோ தலைவலி தொடங்கினாலோ நேராக மருத்துவக் கூடாரத்துக்குப் போங்கள். எவ்வளவு குடித்தீர்கள் என்பதை அவர்களிடம் முதலில் சொல்லுங்கள்.

வரும் ஞாயிறு லாங் ரன் இருக்கும் அல்லவா? முன் எடை, பின் எடை, குடித்த அளவு, ஓடிய நேரம் நான்கையும் ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள். மூன்று ஞாயிறு குறித்ததும் ரத்தப் பரிசோதனை முடிவுகளோடு சேர்த்து எனக்கு எழுதுங்கள்.